பழைய காருக்குப் புதிய தீப்பொறி: நம்பலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் இருவர் ஓரிடத்தில் சந்தித்தால் பேச்சு வெகு சீக்கிரம் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டுவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்பார். "போட்டுப் பத்து வருடம் ஆகிறது, பிறகு அந்த மூடியைத் திறக்கவே இல்லை" என்பார் மற்றவர். அருகில் நிற்கும் மூன்றாமவர் குறுக்கிடுவார்: "நானும் போட்டேன். ஆறாவது மாதம் நடுரோட்டில் நின்றேன். இழுவை வண்டி வந்துதான் காப்பாற்றியது."

இவர்களில் யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரே வகைப் பொருள் ஒருவரிடம் பத்து ஆண்டு உழைக்கிறது. இன்னொருவரைப் பாதி வழியில் கைவிடுகிறது. இது எதனால்? அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இக்னிஷன் வரலாற்றைப் புரட்டினால், அதிர்ஷ்டத்தைவிடத் தெளிவான காரணங்கள் தென்படுகின்றன.

விநாடிக்கு நூறு முறை

பெட்ரோல் இயந்திரம் ஓட மூன்று தேவை: காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இந்த மூன்றாவதைத் தருவதுதான் இக்னிஷன். நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அதற்கு 6,000 தீப்பொறிகள் வேண்டும். அதாவது விநாடிக்கு நூறு. ஒவ்வொன்றும் உரிய கணத்தில் விழ வேண்டும். சற்று முந்தினால் இயந்திரம் தட்டும். சற்றுப் பிந்தினால் இழுவைச் சக்தி குறையும், சூடேறும்.

காரின் பேட்டரி தருவதோ வெறும் 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ட் தேவை. இந்த வித்தையைச் செய்வது காயில். அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. முதல் சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று துண்டித்தால், பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 15,000, 20,000 வோல்ட் என்று மின்னழுத்தம் எழும்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை வாங்கி ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது.

ஆக, இக்னிஷனின் உயிர்நாடி அந்தச் 'சட்டென்று துண்டிப்பது'தான். விநாடிக்கு நூறு முறை அதைச் செய்வது யார்? இந்தக் கட்டுரையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

கெட்டரிங் கொடுத்த விடை

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் மேக்னெட்டோ என்ற கருவி பேட்டரியே இல்லாமல் பொறியைத் தந்தது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மரப்பெட்டிக் காயில்கள் இருந்தன. இயந்திரம் ஓடும்போது அவை வண்டுபோல் ரீங்காரம் செய்யும்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சார்லஸ் கெட்டரிங் என்ற இளம் பொறியாளர் இருந்தார். பணப்பதிவு இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே டெல்கோ. அவர் வடிவமைத்த பேட்டரி இக்னிஷனை காடிலாக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இக்னிஷன், விளக்கு, ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே மின்சார ஏற்பாடாக வந்தன. கையால் கிராங்க் சுற்றிக் கையை உடைத்துக்கொள்ளும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

கெட்டரிங் வழியில் மின்சாரத்தைத் துண்டிப்பவை இரண்டு சிறு உலோக முனைகள். அவற்றுக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள கேம் சுழலும்போது முனைகள் பிரியும், சேரும். பிரியும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு கண்டென்சர். அது இல்லாவிட்டால் பொறி பிளக்கில் பாய்வதற்குப் பதில் பாயிண்ட்டிலேயே பாய்ந்து முனைகளைத் தின்றுவிடும்.

இந்த எளிய ஏற்பாடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகின் கார்களை ஓட்டியது. மோரிஸ் மைனரும் ஃபோல்க்ஸ்வேகன் பீட்டலும் இதை நம்பித்தான் ஓடின. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு ஆலையும், 1967இல் ஷா ஆலம் பத்து தீகாவில் தொடங்கி வால்வோ கார்களைத் தொகுத்த ஆலையும் பாயிண்ட் காலத்தில் பிறந்தவையே. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் சட்டைப் பையில் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தது இதற்காகத்தான்.

பாயிண்ட்டின் குறை என்ன?

இவ்வளவு எளிமையான ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்? அது தேய்கிறது, அதுதான் காரணம்.

கேமின்மேல் உரசும் ஒரு சிறு கட்டை பாயிண்ட்டில் உண்டு. அது தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, பொறியும் தாமதமாகிறது. கூடவே மூன்று, நான்கு ஆம்பியர் மின்சாரத்தை ஓயாமல் துண்டித்துத் துண்டித்து முனைகளில் குழியும் மேடும் விழுகின்றன. ஓட்டுநர் எதையும் உணர்வதில்லை. வண்டி ஒரே நாளில் கெட்டுப்போவதில்லையே! ஒவ்வொரு நாளும் ஒரு துளி மந்தமாகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக ஒரு முயற்சி கூடுகிறது. பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது. பதினைந்து, இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் பாயிண்ட்டை மாற்றியாக வேண்டும். இடையில் ஓரிரு முறை சரிசெய்யவும் வேண்டும்.

வேகமும் ஒரு பிரச்சினை. எட்டுச் சிலிண்டர் இயந்திரம் 5,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 20,000 பொறிகள். அந்த வேகத்தில் பாயிண்ட்டின் ஸ்பிரிங் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் துள்ளத் தொடங்கும். காயில் நிரம்ப நேரம் கிடைக்காது, பொறி பலவீனமாகும்.

டிரான்சிஸ்டர் வந்தது

1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அசையும் பாகம் எதுவும் இல்லாமல் மின்சாரத்தைத் துண்டிக்கவும் இணைக்கவும் அதனால் முடியும். இக்னிஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலைக்காரன் வேறு யார்?

ஆனால் ஒரு தடை இருந்தது. தொடக்க காலத்து டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியம் என்ற பொருளால் ஆனவை. அவற்றுக்கு வெப்பம் ஆகாது. காரின் பானட்டுக்குள் இருப்பதோ வெப்பம் மட்டுமே. வெப்பத்தை மேலும் தாங்கும் சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் பின்னர் பரவலாயின. 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனது பொன்டியாக் கார்கள் சிலவற்றில் பாயிண்ட்டே இல்லாத டிரான்சிஸ்டர் இக்னிஷனை விருப்பத் தேர்வாக வழங்கியது. கூடுதல் பணம் கொடுத்து அதை வாங்கியவர்கள் குறைவு.

அதே 1960களில்தான் தனியாக வாங்கிப் பொருத்தும் சாதனங்களும் கடைக்கு வந்தன. கொலராடோ மாநிலத்தின் டெல்டா நிறுவனம் விற்ற மார்க் டென் அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. ஹீத்கிட் நிறுவனமும் வாங்குபவரே பற்றவைத்துச் செய்துகொள்ளும் இக்னிஷன் தொகுப்பை விற்றது. மார்க் டென் போன்றவை பாயிண்ட்டை அகற்றவில்லை. பாயிண்ட் 'எப்போது' என்று சைகை மட்டும் காட்டும். கனமான மின்சாரத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். முனைகள் கருகுவது நின்றது. உரசும் கட்டை தேய்வது நிற்கவில்லை.

இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருந்தார்கள். பெட்டி பழுதானால் அதைத் தட்டிப் பழைய முறைக்கே திரும்பி வீடு போய்ச் சேரலாம். புதியதை விற்றவர்களே பழையதைக் கைவிடத் துணியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் தள்ளிய மாற்றம்

கார் நிறுவனங்கள் ஒட்டுமொத்தமாக மின்னணு இக்னிஷனுக்கு மாறியது வாடிக்கையாளர் கேட்டதால் அல்ல. காற்று மாசு பற்றிய சட்டம் அவர்களைத் தள்ளியது.

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970இல் கடுமையாக்கப்பட்டது. புதிய கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது மட்டும் சுத்தமான புகை விட்டால் போதாது. 50,000 மைல் ஓடும் வரை அந்த நிலை நீடிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. தேயும் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு அந்த வாக்குறுதியைக் கொடுக்க எந்த நிறுவனத்தால் முடியும்? 1975ஆம் ஆண்டுக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்து சேர்ந்தது. பொறி தவறி எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பாழாகிவிடும்.

ஆகவே கிரைஸ்லர் நிறுவனம் 1973 மாடலிலிருந்து அமெரிக்காவில் தான் தயாரித்த கார்கள் எல்லாவற்றிலும் மின்னணு இக்னிஷனைப் பொருத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் பின்தொடர்ந்தது. ஃபோர்டும் அதே காலத்தில் மாறியது. பத்தாண்டுக்குள் பாயிண்ட் புதிய கார்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

வெப்பம் என்ற பழைய எதிரி

இங்கே வரலாறு ஒரு முக்கியமான பாடத்தைச் சொல்கிறது. மின்னணு இக்னிஷன் தோற்ற இடங்களைக் கூர்ந்து பார்த்தால், பல இடங்களில் அதை எங்கே வைத்தார்கள் என்பதே தோல்விக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

முதல் உதாரணம் பிரிட்டனில். ஜாகுவார் நிறுவனம் 1971இல் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டது. 6,000 சுற்றில் அதற்கு விநாடிக்கு 600 பொறிகள் வேண்டும். பாயிண்ட்டால் ஆகாத காரியம். எனவே லூக்காஸ் நிறுவனத்தின் ஓபஸ் என்ற மின்னணு இக்னிஷன் வந்தது. அதன் ஆம்பிளிஃபயரை இயந்திரத்தின்மேலேயே, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே வைத்தார்கள். அடுப்பின் நடுவில் வைத்தால் எது தாங்கும்? பழுதுகள் மலிந்தன.

இரண்டாவது உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ். அதன் இக்னிஷன் மோடியூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே, மூடிக்கு அடியில் இருந்தது. இதுவும் சூடான இடம்தான். ஆனால் மோடியூலின் அடியில் வெப்பத்தைக் கடத்தும் ஒரு களிம்பு பூசப்பட்டது. மோடியூலின் சூடு அந்தக் களிம்பு வழியாக உலோகத்துக்கு இறங்கிவிடும். நல்ல பெயர் வாங்கிய இக்னிஷன் அது. ஆனால் பின்னாளில் மோடியூலை மாற்றிய சிலர் அந்தக் களிம்பைப் பூச மறந்தார்கள், அல்லது தேவையில்லை என்று நினைத்தார்கள். புது மோடியூல் விரைவில் செத்தது. "பொருள் மட்டம்" என்று பழி பொருளின்மேல் விழுந்தது.

மூன்றாவது உதாரணம் கிரைஸ்லர். அதன் மின்னணுப் பெட்டி இயந்திரத்தை விட்டு விலகி, தடுப்புச் சுவரில் இருந்தது. பெட்டி நன்றாகவே உழைத்தது. காலை வாரியது கூடவே இருந்த பீங்கான் ரெசிஸ்டர். சாவியைத் திருப்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவியை விட்டவுடன் அணைந்துவிடும். இந்த அடையாளத்தை அறிந்தவர்கள் மலிவான அந்த ரெசிஸ்டர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் மாற்றிப் புறப்பட்டார்கள். அறியாதவர்கள் நல்ல பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப்பெட்டி வாங்கினார்கள்.

ஒரு நீதிபதியின் உத்தரவு

நான்காவது உதாரணம் இவை எல்லாவற்றிலும் பெரியது. ஃபோர்டு நிறுவனம் 1970களில் தன் மோடியூலை இயந்திரத்துக்குத் தள்ளி, பக்கவாட்டுத் தகட்டில் வைத்திருந்தது. 1980களில் வந்த புதிய வடிவத்தில் அதை டிஸ்ட்ரிபியூட்டரின்மேலேயே பொருத்தியது. சூடு ஏறும்போது மோடியூல் செயலிழந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று அணைகிறது என்ற புகார்கள் எழுந்தன. ஆறியபின் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் குறை தென்படாது. நெடுஞ்சாலையில் விரையும் வண்டி சட்டென்று உயிரிழந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வழக்கு நீதிமன்றம் சென்றது. குறை இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநில நீதிபதி ஒருவர், அந்த மாநிலத்தில் உள்ள சுமார் 17 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அசையும் பாகம் எதுவும் இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள் இத்தனை பெரிய வழக்குக்குக் காரணமானது.

இவை எல்லாம் பெரிய நிறுவனங்கள், ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்துக்கொண்டு செய்தவை. அவர்களுக்கே இடம் தேர்வதில் சறுக்கல் ஏற்பட்டது என்றால், ஐம்பது ஆண்டுப் பழைய காருக்குள் இன்று தனியாக வாங்கிப் பொருத்தும் சாதனத்தைப் பற்றி எவ்வளவு கவனம் வேண்டும்!

இன்று கடையில் கிடைப்பவை

பழைய கார்களுக்காக இன்று விற்கப்படும் சாதனங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை ஒளியை வைத்து வேலை செய்வது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைச் சுழலும் தகடு மறைத்து மறைத்து விடும். அந்த மறைப்பே பொறிக்கான சைகை. பிரிட்டனின் லூமெனிஷன் இந்த வகையில் பெயர்பெற்றது.

இரண்டாவது வகை காந்தத்தை நம்புகிறது. 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர், மின்சாரம் ஓடும் உலோகத் தகட்டின் அருகே காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். ஹால் விளைவு என்று அதற்குப் பெயர். கேமின்மேல் ஒரு காந்த வளையத்தை மாட்டி, பாயிண்ட் இருந்த இடத்தில் ஹால் உணர்கருவியைத் திருகினால் போதும். அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ் இதில் பரவலாக அறியப்பட்ட பெயர். வெளியே தெரிவது இரண்டு கம்பிகள் மட்டுமே. மூடியை மூடிவிட்டால் பழைய கார் பழைய கார்போலவே இருக்கும்.

மூன்றாவது வகை, டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாக மாற்றுவது. நெதர்லாந்தின் 123 இக்னிஷன் இவ்வகை. எந்தச் சுற்றில் பொறி எவ்வளவு முந்த வேண்டும் என்பதையும் மின்னணுவே கணக்கிடுகிறது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

ஏன் சிலருக்கு மட்டும் கெடுகிறது?

இந்தச் சாதனங்கள் கெடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தொகுத்தால், பெரும்பாலானவை பொருத்திய விதத்திலும் பயன்படுத்திய விதத்திலும் அடங்கிவிடும்.

முதலாவது, பொருந்தாத காயில். நான்கு சிலிண்டர் கார்களுக்கான சாதனங்கள் பல, குறைந்தது 3 ஓம் தடை கொண்ட காயிலைக் கேட்கின்றன. 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். 'சக்தி வாய்ந்தது' என்ற விளம்பரத்தைப் பார்த்து 1.5 ஓம் காயிலை மாட்டினால் 8 ஆம்பியர் பாயும். இரட்டிப்பு மின்சாரத்தை மோடியூல் எத்தனை நாள் தாங்கும்? காயிலின் தடையை ஒரு சாதாரண மல்டிமீட்டரால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். அளக்காமல் மாட்டுவதே வழக்கமாக இருக்கிறது.

இரண்டாவது, சாவியை ஆன் நிலையில் விட்டுவிடுவது. இயந்திரம் ஓடாமல் சாவி மட்டும் திறந்திருந்தால் காயிலிலும் மோடியூலிலும் மின்சாரம் ஓயாமல் ஓடிச் சூடேற்றும். வானொலி கேட்பதற்காகவோ, ஏதோ ஒரு கம்பியைச் சோதிப்பதற்காகவோ அரைமணி நேரம் அப்படி விட்டால் போதும். முதல் தலைமுறைச் சாதனங்கள் பலவற்றுக்கு அதுவே எமன். பிந்தைய தலைமுறையில் தானாக அணையும் பாதுகாப்புடன் சில வந்துள்ளன.

மூன்றாவது, கம்பி மாறிவிடுவது. 1960களின் பிற்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிர். அதை அறியாமல் இணைத்தால் மோடியூல் ஒரே கணத்தில் கருகும். பாயிண்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை. எந்தப் பக்கம் மின்சாரம் ஓடினாலும் அது திறக்கும், மூடும்.

நான்காவது, எர்த் இணைப்பும் பேட்டரியும். துரு ஏறிய எர்த் கம்பி பாயிண்ட் காரை ஓரளவு ஓடவிடும். மின்னணு அப்படி விட்டுக்கொடுக்காது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பலவீனமான பேட்டரியின் மின்னழுத்தம் வெகுவாகச் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மோடியூல் வேலை செய்யாது.

ஐந்தாவது, பிளக் கம்பிகள். செம்புக் கம்பியால் ஆன பழைய பிளக் ஒயர்கள் வானொலியில் இரைச்சல் எழுப்பும். அதே இரைச்சல் மோடியூலையும் குழப்பக்கூடும். தடை சேர்த்த ஒயர்களைப் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பில் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர்?

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே பொறியை முந்தச் செய்யும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் உள்ளன. அவை துருப்பிடித்தோ தளர்ந்தோ போயிருந்தால் எந்த மோடியூலும் அதைச் சரிசெய்யாது. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவிய கதையாகத்தான் முடியும்.

கெடும் விதமும் முக்கியம்

நம்பகம் என்றால் எத்தனை முறை கெடுகிறது என்ற கணக்கு மட்டும்தானா? எப்படிக் கெடுகிறது என்பதும் அதில் சேரும்.

பாயிண்ட் அடிக்கடி கெடும். ஆனால் சொல்லிவிட்டுக் கெடும். வண்டி திணறும், இழுக்காது, காலையில் அடம்பிடிக்கும். சாலையோரத்தில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் தேய்ப்புத்தாளும் இருந்தால் பெரும்பாலும் வீடு போய்ச் சேரலாம். மின்னணு அரிதாகவே கெடும். ஆனால் கெடும்போது சொல்லாமல் கெடும். ஒரு கணம் முன்புவரை நன்றாக ஓடிய வண்டி அடுத்த கணம் அணைந்துவிடும். சாலையோரத்தில் அதைத் திறந்து பழுதுபார்க்க எவராலும் முடியாது.

அதனால்தான் பேச்சில் ஒரு சமநிலைக் குறைவு ஏற்படுகிறது. பாயிண்ட் கார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை பாயிண்ட்டைத் தேய்த்துச் சரிசெய்கிறார். அதை அவர் பழுது என்று எண்ணுவதே இல்லை, பராமரிப்பு என்கிறார். மோடியூல் பத்து ஆண்டில் ஒரு முறை கைவிட்டால் அது கதையாகிறது, பத்துப் பேருக்குச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் பாயிண்ட்தான் அதிகம் தொல்லை தந்திருக்கும். நினைவில் நிற்பதோ இழுவை வண்டி.

மறுபக்கமும் உண்டு. பாயிண்ட்டே போதும் என்று இருப்பவர்களுக்கு இன்று ஒரு புதிய சங்கடம் வந்திருக்கிறது. இன்று புதிதாகச் செய்யப்படும் கண்டென்சர்கள், ரோட்டார்கள் சிலவற்றின் தரம் பழையதுபோல் இல்லை என்ற குறை பழைய கார் ஆர்வலர்களிடையே பரவலாகக் கேட்கிறது. வாங்கிய சில நாளிலேயே செயலிழக்கும் கண்டென்சரை நம்புவதா, மோடியூலை நம்புவதா? எளிமையான பொருளும் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால்தான் நம்பத்தக்கது.

வெப்ப மண்டலத்தில்

மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் இந்த வரலாறு இன்னும் ஒரு படி முக்கியமாகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்குள் காற்றோட்டம் குறைவு. நண்பகலில் வண்டியை நிறுத்தி அணைத்த பிறகும் பானட்டுக்குள் சூடு சற்று நேரம் ஏறிக்கொண்டே இருக்கும்; குளிரூட்டும் நீரும் விசிறியும் அப்போது ஓடுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி மறுப்பதும், அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவதும் சூடேறிய மோடியூலின் அடையாளமாக இருக்கலாம். காயிலையோ வெளிப் பெட்டியையோ பொருத்தும்போது எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி, காற்றுப் படும் உலோகத் தகட்டில் பொருத்த வேண்டும். மோடியூலுக்கு அடியில் களிம்பு பூசச் சொல்லியிருந்தால் பூச வேண்டும். ஓபஸும் ஃபோர்டு வழக்கும் உலகுக்குச் சொன்ன செய்தி இதுதான்.

முடிவாக

மின்னணு இக்னிஷன் பழைய கார்களுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு வரலாறு ஆம் என்றே விடை தருகிறது. ஆனால் சில நிபந்தனைகளோடு. காயிலின் தடையை அளக்க வேண்டும். பேட்டரி முனைகளைச் சரிபார்க்க வேண்டும். எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சூட்டுக்கு வழிவிட வேண்டும். சாவியை மறக்கக்கூடாது. இத்தனையும் சேர்த்து ஒரு பிற்பகல் வேலை. இதைச் செய்தவர்தான் பத்து ஆண்டாக மூடியைத் திறக்காதவர். செய்யாதவர் ஆறாவது மாதத்தில் இழுவை வண்டிக்குக் காத்திருந்தவர்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மின்னணு போட்டுக்கொடுக்கும்போது ஒரு காரியம் செய்வார்கள். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் குப்பையில் போடமாட்டார்கள். துடைத்து, ஒரு துணியில் சுற்றி, ஒரு சிறு ஸ்க்ரூடிரைவரோடு சேர்த்து டேஷ்போர்டு அறைக்குள் வைத்துவிடுவார்கள். 1960களில் பெட்டியின்மேல் இருந்த அந்தச் சிறு சுவிட்ச்சின் வேலையை இந்தத் துணிப்பொட்டலம் செய்கிறது. அது பல ஆண்டுகள் பிரிக்கப்படாமலே கிடக்கலாம். கிடக்கட்டும். இரவில், மழையில், வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் தொலைவில், குடும்பத்தோடு நிற்க நேர்ந்தால் அதன் அருமை அப்போது தெரியும்.